கல்லை விடாத கறி

“என் மக என் வீட்டுல சாப்பிட மாட்டேங்கா, மாஸ்டர்.”

சூசைமரியான் தள்ளுவண்டி முன்னால் நின்று இதைச் சொன்னபோது கடற்கரைச் சாலையில் வெயில் இன்னும் இறங்கவில்லை.

பெல்லார்மின் மாஸ்டர் இரும்புக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வெளிய சாப்பிடுதாளா?”

“வெளிய சாப்பிடுதா. ஆபீஸ்ல சாப்பிடுதா. ரோட்டுல நின்னு பன்னு திங்கா. வீட்டுக்குள்ள வந்தா பச்சத் தண்ணி குடிக்க மாட்டேங்கா.”

“எப்பயிருந்து?”

“அவ அம்மா கண்ண மூடுனதுல இருந்து.”

சுரண்டும் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

தூத்துக்குடியில் பழைய வள்ளம், பழைய என்ஜின் என்று எது கரை ஒதுங்கினாலும் முதலில் போய் நிற்கும் ஆள் சூசைமரியான். ஐஸ் உடைக்கிற வேலையில் தொடங்கி, அடிபட்டு மிதிபட்டு, ஒரு மனிதனிடமும் நல்ல வார்த்தை வாங்காமல் மேலே வந்தவர். வள்ளத்தின் பலகையை விரலால் தட்டுவார். “உளுத்துப் போச்சு” என்பார். அது நல்ல தேக்காக இருக்கும். என்ஜினை ஓடவிட்டுக் கேட்பார். “சளி பிடிச்ச கிழவன் மாதிரி இருமுது” என்பார். அது கல்லு மாதிரி உறுதியாக இருக்கும்.

அவர் ஒரு சாமானை எவ்வளவு கேவலமாகப் பேசுகிறாரோ அவ்வளவுக்கு அது அவருக்கு வேண்டும் என்று துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தோற்பார்கள். அப்படி ஒரு வாய்.

மாஸ்டர் அவரைவிட இளையவர். சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். புயலில் படி சறுக்கி முழங்கால் போனது. கரைக்கு வந்து வண்டி போட்டார். அவர் அதிகம் பேசமாட்டார். கப்பலில் யாரும் சமையல்காரனிடம் அதிகம் பேசுவதில்லை என்பதால் அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கலாம்.

“என் வீட்டுக்காரி வியாகுலம் வியாழக்கிழமையானா ஒண்ணு செய்வா” என்றார் சூசைமரியான். “சப்பாத்தியில கறிய அப்பி, கல்லுல கவுத்துப்போட்டு, சீஸ வச்சு மடக்கி. அது என்ன எழவோ.”

“பர்கர் டாக்கோ.”

“அதான். நீருதான் சொல்லிக்குடுத்தீராமே.”

“ஆமா. அக்கா வேலைய விட்டு லேட்டா வந்தாலும் சட்டுனு செஞ்சிரலாம்னு கேட்டாவ.”

“எனக்கும் சொல்லிக்குடும்.”

“எதுக்கு?”

“மக அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயிலேறுதா. விசாகப்பட்டினத்துல வேல. இனிமே எப்ப வருவாளோ, வருவாளோ மாட்டாளோ. போறதுக்கு முன்னால ஒரே ஒரு நேரம் என் வீட்டுல, என் கையால சாப்பிட்டுட்டுப் போகணும். வேற எதுவும் தொட மாட்டேங்கா. அவ அம்மா செய்ததச் செஞ்சா தொடுவா.”

மாஸ்டர் சட்டுவத்தைக் கீழே வைத்தார்.

“சரி.”

“என்ன வேணும் உமக்கு?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“சும்மா கிடைக்கிற சரக்குல ஓட்டை இருக்கும்வே. விலையச் சொல்லும்.”

“நான் குடுக்கிறதச் சாப்பிடணும். கேட்டா பதில் சொல்லணும்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

சூசைமரியான் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். இவ்வளவு மலிவாக எந்தப் பேரமும் அவருக்குப் படிந்ததில்லை.

*

மறுநாள் சாயங்காலம் போனார்.

மாட்டுக் கொத்துக்கறி. கொழுப்போடு இருந்தது. அதில் உப்பும் மிளகுத்தூளும் தவிர வேறொன்றும் இல்லை.

“மசாலா?”

“இல்ல.”

“இஞ்சி பூண்டு?”

“இல்ல.”

“அப்ப இது என்னவே சமையல்? ஆஸ்பத்திரிச் சாப்பாடா?”

மாஸ்டர் எலுமிச்சை அளவுக்குக் கறியை உருட்டினார். மெல்லிய சப்பாத்தியின் நடுவில் வைத்தார். உள்ளங்கையால் அழுத்தி அழுத்திச் சப்பாத்தியின் ஓரம் வரைக்கும் கொண்டுபோனார். கறி எது, மாவு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு மெல்லிசாக வந்தது.

கல் புகைந்தது. கறிப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டு, சட்டுவத்தால் ஒரு அழுத்து அழுத்தினார்.

கையை எடுத்துவிட்டார்.

“அடுத்தது நீங்க.”

சூசைமரியான் உருட்டினார், அப்பினார், கவிழ்த்தார், அழுத்தினார். அதுவரைக்கும் சரி. அதற்குப் பிறகு அவரால் நிற்க முடியவில்லை. சட்டுவத்தை அடியில் விட்டு நெம்பினார். வரவில்லை. இன்னும் நெம்பினார். சப்பாத்தி தனியாகக் கிழிந்து வந்தது. கறி கல்லிலேயே நின்றது.

“கல்ல விட்டு வரமாட்டேங்குதே.”

“நேரம் ஆகல.”

“எப்ப ஆகும்?”

“அதுவா விடும்.”

“அது விடாட்டி?”

“விடும். நீங்க தொடாம இருந்தா.”

மாஸ்டர் போட்டதன் ஓரம் பழுப்பேறிச் சுருண்டது. சட்டுவத்தை லேசாகக் காட்டினார். வழுக்கிக்கொண்டு வந்தது. திருப்பிப் போட்டு, சூட்டிலேயே சீஸ் ஒன்றை வைத்தார். அது உருகித் தளர்ந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம், வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், கொஞ்சம் முட்டைக்கோஸ், மயோனைஸில் தக்காளி சாஸ் கலந்த ஒரு சிவப்புக் குழம்பு. மடக்கினார்.

தட்டில் வைக்கவில்லை. சூசைமரியானின் கையில் வைத்தார்.

“சாப்பிடுங்க.”

சூசைமரியான் கடித்தார். ஓரம் முறுக்கு மாதிரி நொறுங்கியது. உள்ளே சாறு ஓடியது. அவர் கண் தானாக மூடியது. உடனே திறந்துகொண்டார்.

மாஸ்டர் இன்னொரு சப்பாத்தியில் கறியை அப்பி அடுப்போரமாக வைத்துவிட்டு நின்றார்.

“எப்படி இருக்கு?”

சூசைமரியான் வாயைத் துடைத்தார்.

“ஓரம் கருகிட்டு. வெங்காயம் பச்ச வாடை அடிக்கு.”

மாஸ்டர் அடுப்பை அமர்த்தினார்.

“நாளைக்கு வாங்க.”

“என்னது? இப்பத்தான ஆரம்பிச்சோம்.”

“நாளைக்கு வாங்க, அண்ணாச்சி.”

*

மறுநாள் அவர் நெம்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கறி கல்லை விட்டு வந்தது.

“பாத்தீரா?” என்றார். சின்னப் பிள்ளைக்கு வருகிற சந்தோஷம் முகத்தில் வந்தது. அதையும் உடனே துடைத்துவிட்டார்.

மாஸ்டர் மடக்கி அவர் கையில் கொடுத்தார்.

“எப்படி இருக்கு?”

“உப்பு கம்மி. சப்பாத்தி ரப்பர் மாதிரி இழுக்கு.”

அடுப்பு அணைந்தது.

“ஏன்வே அமத்துதீரு? நான் உம்மத் திட்டுனேனா? உள்ளதச் சொன்னேன்.”

“உள்ளதச் சொன்னீங்களா?”

“பின்ன?”

மாஸ்டர் அவர் கையைப் பார்த்தார். விரல் நுனியில் ஒட்டியிருந்த சீஸைக்கூட விடாமல் நக்கித் தீர்த்த கை அது.

“நாளைக்கு வாங்க.”

வழி நெடுக சூசைமரியான் முணுமுணுத்துக்கொண்டே போனார். கப்பல்காரனுக்குத் திமிர். கறி விற்கிறவனுக்குப் புகழ்ச்சி கேட்கிறது. சரி, புகழ்ச்சிதானே. வாயில் இருந்து போகிற காற்று. கொடுத்துவிட்டால் போகிறது.

மூன்றாவது முறை, கடித்த வாய் மூடுவதற்குள் ஆரம்பித்தார்.

“அடடா! அடடடா! மாஸ்டர், உம்ம கைக்குத் தங்க வளையல் போடணும்வே! அமெரிக்காக்காரன் கால்ல விழணும்! இந்த ஜில்லாவுல, இல்ல, இந்த லோகத்துலயே இப்படி ஒரு சாமான் கிடையாது!”

மாஸ்டர் சிரித்தார். முதல் தடவையாகச் சிரித்தார்.

“நேத்து வரைக்கும் வாங்குற வாய், அண்ணாச்சி. இன்னைக்கு விக்கிற வாய்.”

“அப்ப எந்த வாயாலதான் சொல்லச் சொல்லுதீரு? எனக்கு இருக்கிறது இந்த ரெண்டும்தான்!”

மாஸ்டர் அடுப்பை அமர்த்தினார். அடுப்போரம் அப்பி வைத்திருந்த இன்னொன்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

சூசைமரியானுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“உம்ம ஞானம் உம்ம கல்லுலயே கருகட்டும்வே! கறி அப்புறது தெரிஞ்சிட்டு. கவுக்கிறது தெரிஞ்சிட்டு. திருப்புறது தெரிஞ்சிட்டு. இனிமே நீரு எனக்கு எதுக்கு?”

“சரி” என்றார் மாஸ்டர்.

சண்டைக்கு வராத ஆளிடம் சண்டை போடுவது போல ஒரு அவமானம் வேறில்லை. சூசைமரியான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

*

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. ஒரு இழுவை வள்ளம் விலைக்கு வந்திருந்தது. போனால் போகட்டும் என்று விட்டார். அவர் வாழ்க்கையில் அப்படி விட்டதே கிடையாது.

கறிக்கடையில் நின்று கொழுப்போடு வெட்டச் சொன்னார். “நேத்து வெட்டுன மாடு மாதிரி இருக்கே” என்று சொல்லிக்கொண்டே வாங்கினார். கடைக்காரன் கறியைப் பொட்டலம் கட்டினான். பழகிவிட்டது.

வீட்டில் வியாகுலத்தின் தோசைக்கல் ஆணியில் தொங்கியது. எடுத்தார். அடியில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியுமாக இருந்தது. இதில் எப்படிச் சமைத்தாளோ என்று நினைத்து, கம்பி வைத்து வெள்ளை வெளேரென்று தேய்த்தார்.

எண்ணெய் தாராளமாக விட்டதில் எல்லாம் நன்றாக வந்தது. ஒன்றும் கிழியவில்லை. சுட்டுச் சுட்டு ஹாட்பாக்ஸில் அடுக்கினார். சாப்பாட்டு மேசையைத் துடைத்தார். தட்டு வைத்தார், டம்ளர் வைத்தார். அடுப்பை அமர்த்தினார். கல்லை மறுபடியும் கழுவி ஆணியில் மாட்டினார். மகள் வரும்போது அடுக்களை பளிச்சென்று இருக்க வேண்டும்.

மகள் சலேத் ஏழு மணி வாக்கில் வந்தாள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். தோளில் பை. முகத்தில் தூசி. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.

“வாம்மா. உக்காரு.”

அவள் உட்காரவில்லை. மூக்கை ஒரு தடவை இழுத்தாள். கறி வாசம் வீடெல்லாம் இருந்தது. அடுக்களை வாசலில் போய் நின்றாள். ஆணியில் தொங்கிய கல்லைப் பார்த்தாள். அணைந்திருந்த அடுப்பைப் பார்த்தாள்.

“எல்லாத்தையும் முடிச்சிட்டியளா?”

“முடிச்சிட்டேன். நீ வார நேரம் ரெடியா இருக்கணும்னு. சூடா இருக்கு, திறந்து பாரு.”

அவள் ஹாட்பாக்ஸைத் திறந்தாள். ஆவி வந்தது. சப்பாத்தி வியர்த்துத் தொளதொளவென்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது.

மூடிவிட்டாள்.

“பசிக்கலப்பா.”

“ஒண்ணே ஒண்ணு.”

“பசிக்கல.”

“பொய் சொல்லாதம்மா. காலைல இருந்து நீ...”

“நீங்க சொன்னதில்லியா?”

“என்னத்தச் சொன்னதில்ல?”

“பசிக்கலன்னு.”

அறைக் கதவு சாத்திக்கொண்டது. ஓங்கிச் சாத்தவில்லை. ஓங்கிச் சாத்தியிருந்தால் அவருக்குக் கத்துவதற்காவது ஒரு வழி கிடைத்திருக்கும்.

ஹாட்பாக்ஸ் முன்னால் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். நனைந்த அட்டை மாதிரி இருந்தது.

அதைக் குறை சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை.

*

புதன்கிழமை சாயங்காலம் மாஸ்டர் வண்டி முன்னால் சூசைமரியான் வந்து நின்றார். வேட்டி மடித்துக் கட்டியிருக்கவில்லை.

“நீரு என்னமோ மறைக்கிறீரு” என்றார். குரலில் பழைய உயரம் இல்லை. “நீரு சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். தொடமாட்டேன்னுட்டா. வியாகுலம் அதுல வேற என்னமோ சேத்திருக்கா. அது என்னன்னு சொல்லும். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு.”

“நில்லுங்க” என்றார் மாஸ்டர்.

நின்றார்.

ஆட்கள் வந்தார்கள். மாஸ்டர் அப்பினார், கவிழ்த்தார், திருப்பினார், மடக்கினார். ஒவ்வொருவர் கையிலும் கல்லில் இருந்து நேராகப் போனது. ஒரு பெண் நின்றுகொண்டே தின்றுவிட்டு, “அண்ணே, இன்னொண்ணு” என்றாள். அவள் வாய் மூடுமுன் அது கல்லில் விழுந்தது.

பிறகு கூட்டம் வடிந்தது. தெருவிளக்கு எரியத் தொடங்கியது. கடைசி ஆளும் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

மாஸ்டர் ஒரு சப்பாத்தியை எடுத்தார். கறியை உருட்டி வைத்து அப்பினார். ஓரம் வரைக்கும் கொண்டுபோனார். கல்லில் போடவில்லை. அடுப்போரமாக வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தார்.

தீயைச் சிறிதாக்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கெட்ட காலை நீட்டி உட்கார்ந்தார்.

சூசைமரியான் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

“கடை முடிஞ்சிட்டுல்லா?”

“ம்.”

“பின்ன அடுப்பு எரியுதே.”

“எரியட்டும்.”

“கேஸ் வீணாப் போகுதுவே.”

“போகட்டும்.”

“இது யாருக்கு?”

“கேட்டா போடலாம்னு.”

“யாரு கேப்பா? ரோட்டுல நாய்கூட இல்ல.”

மாஸ்டர் முழங்காலைத் தடவிக்கொண்டார். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. நீலத் தீ சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. அவர் சாலையைப் பார்க்கவில்லை. வருகிறவர்களை எதிர்பார்க்கிற ஆள் சாலையைத்தானே பார்ப்பான். அவர் சூசைமரியானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசைமரியானுக்கு எரிச்சல் வந்தது. பிறகு போனது. பிறகு இன்னதென்று தெரியாத ஒன்று வந்தது.

“வியாகுலக்கா கத்துக்க வந்தப்ப...” என்றார் மாஸ்டர்.

“ம்.”

“எல்லாம் கத்துக்கிட்டுப் போயிட்டாவ. மறுநாள் திரும்பி வந்தாவ. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னாவ.”

“என்ன கேட்டா?”

“அப்பி வச்ச கறி, கல்லுல போடாம எவ்வளவு நேரம் தாங்கும்னு.”

“அது எதுக்கு?”

“நானும் எதுக்குன்னுதான் கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

மாஸ்டர் தீயைப் பார்த்தார்.

“ ‘அவிய இன்னொண்ணு கேட்டாலும் கேப்பாவ. கேட்ட உடனே போட்டுக் குடுக்கணும்லா’ன்னு சொன்னாவ.”

சூசைமரியான் நின்ற இடத்திலேயே நின்றார்.

வியாழக்கிழமைகளில் அவருக்குத் தட்டு முன்னறைக்கு வரும். டிவி ஓடும். சாப்பிடுவார். “கருகிட்டு” என்பார். “உறைப்பு இல்ல” என்பார். தட்டில் ஒரு துணுக்கு மிஞ்சாது. இன்னொன்று வைக்கவா என்று அவள் கேட்டால் “பசிக்கல” என்பார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். அடுக்களையில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். காய்ந்த இரும்பு வாசம் வந்துகொண்டே இருக்கும். உள்ளே இவ்வளவு நேரம் இவள் என்ன செய்கிறாள் என்று ஒரு நாளும் எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

இன்னொன்று வேண்டும் என்று வாயால் கேட்பவன் துறைமுகத்தில் பிழைக்க மாட்டான். அந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றார். கற்றதை எங்கே கழற்றி வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

“மாஸ்டர்.”

“சொல்லுங்க.”

“எனக்கு ஒரு வியாழக்கிழமைகூட வயிறு நிறைஞ்சதில்லவே.”

“தெரியும்.”

“பசியோடதான் போய்ப் படுப்பேன்.”

“தெரியும், அண்ணாச்சி.”

“அவளுக்குத் தெரியுமா?”

மாஸ்டர் எழுந்தார். தீயைக் கூட்டினார். தட்டை எடுத்துவிட்டு அப்பி வைத்ததைக் கவிழ்த்துப் போட்டு அழுத்தினார். கறி சத்தமிட்டது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அது கல்லை விட்டதும் திருப்பி, சீஸ் வைத்து, வெங்காயம் போட்டு, மடக்கி, சூசைமரியானின் கையில் கொடுத்தார்.

சூசைமரியான் சாப்பிட்டார். கண்ணில் இருந்து வந்தது தாடியில் இறங்கியது. துடைக்கவில்லை.

மாஸ்டர் இந்த முறை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

*

வியாழக்கிழமை.

சூசைமரியான் கறியைப் பிசைந்து வைத்தார். வெங்காயம் நறுக்கினார். சப்பாத்திகளைத் துணியில் சுற்றினார். கல்லை அடுப்பில் ஏற்றினார். எதையும் சுடவில்லை. மேசையில் தட்டு வைக்கவில்லை.

முன்பக்கத்துக் கேட் கிறீச்சிட்டதும் தீயைக் கூட்டினார்.

முதல் சப்பாத்தி கல்லில் விழுந்த நேரமும் சலேத் அடுக்களை வாசலுக்கு வந்த நேரமும் ஒன்றாக இருந்தது. அவள் தோளில் இருந்து பையை இறக்கவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் கை சட்டுவத்தைப் பிடித்திருந்தது. கல்லைத் தொடவில்லை.

ஓரம் சுருண்டது. வந்தது. திருப்பினார். மடக்கினார். கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சுடும்” என்றார். “பாத்துப் பிடி.”

வாங்கினாள்.

கதவு நிலையில் சாய்ந்து நின்று கடித்தாள். அவர் அடுத்ததைப் போட்டார். நொறுங்குகிற சத்தம் மட்டும் பின்னால் கேட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கல்லைப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவதையும் அவள் வாங்கினாள்.

அதைத் தின்றுகொண்டே இரண்டு எட்டு உள்ளே வந்தாள். அப்போதுதான் அடுப்போரம் கவிழ்ந்திருந்த தட்டைப் பார்த்தாள்.

மெதுவாகத் தூக்கினாள். அப்பி வைத்த கறி. ஓரம் வரைக்கும்.

மறுபடியும் மூடினாள். மெல்லுவது நின்றுபோனது.

“யாரு சொன்னா உங்களுக்கு?”

“மாஸ்டர்.”

“அவருக்குத் தெரியுமா?”

“ம்.”

“மிஞ்சுனது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு அம்மா நினைச்சிட்டு இருந்தாங்க. காலைல கொல்லையில பூனைக்குப் போடுவாங்க. நான் ஜன்னல் வழியாப் பாப்பேன்.”

அவர் சட்டுவத்தைக் கல்லோரமாக வைத்தார்.

“ஒவ்வொரு வாரமும்ப்பா. ‘இன்னைக்குக் கேப்பாவ பாரு’ம்பாங்க. முன்னறையில நீங்க சேனல் மாத்துற சத்தம் கேட்டா சட்டுவத்த எடுத்துருவாங்க. நீங்க எந்திரிச்சு வாறியன்னு.”

கல்லில் இருந்து புகை எழுந்தது. அவர் தீயைக் குறைத்தார்.

“நீங்க ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்ல?”

சூசைமரியானிடம் எல்லாவற்றுக்கும் ஒரு எதிர்ப்பேச்சு உண்டு. எதிராளி மூச்சு விடுவதற்குள் அது வந்து விழும்.

“கேட்டிருக்கலாம்மா” என்றார்.

அவள் மிச்சம் இருந்ததை வாயில் போட்டுக்கொண்டாள். அழுதுகொண்டே தின்றாள். தொண்டையில் அடைத்தது. அவர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். அந்த வீட்டில், அம்மா போன பிறகு, அவள் குடித்த முதல் தண்ணீர் அது.

கையைக் கழுவினாள். தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. அலமாரி திறக்கும் சத்தம். துணி மடிக்கும் சத்தம். விசாகப்பட்டினத்துக்குப் போகிற சத்தம் எல்லாம் வரிசையாக வந்தது.

அவர் அடுப்பைவிட்டு நகரவில்லை. தட்டு கவிழ்ந்தபடி இருந்தது. தீ சிறிதாக எரிந்தது. முன்னறை விளக்கைப் போட ஆளில்லாமல் வீடு இருட்டத் தொடங்கியிருந்தது. அடுக்களையில் மட்டும் வெளிச்சம்.

உள்ளே இருந்து அலமாரிக் கதவு அசைந்தால் அவர் கை சட்டுவத்துக்குப் போனது. செருப்புச் சத்தம் கேட்டால் போனது. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது.

“அப்பா.”

“என்னம்மா?”

“எனக்குப் போதும்ப்பா. அடுப்ப அமத்திட்டு வந்து உக்காருங்க.”

அவர் கை திருகு வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

“நீ துணிய எடுத்து வைம்மா” என்றார். “இது இன்னும் கொஞ்ச நேரம் எரியட்டும்.”